மைனஸ் 127: ஸ்ரீஹரிகோட்டா போய் வந்த நாட்கள்

5 ஆகஸ்ட் 2022, வெள்ளி. மதுரையிலிருந்து தாம்பரம்

கொள்ளிடம் பாலத்தில் வேன் ஏறியதுமே பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டார்கள். "ஏத்தா, வண்டி ஒரு பக்கமா இழுக்குது, உக்காருங்க" என்று டிரைவர் அண்ணன் சத்தம் போட்டார். யார் காதிலும் விழவில்லை. கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் தண்ணீர். மேட்டூர் 120 அடி நிரம்பி, வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுகிற நேரம் இது. ஆடிப்பெருக்கு கழிந்து இரண்டு நாள்தான் ஆகிறது. வைகையில் மணலையும் முள்செடியையும் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள். பாலம் முடிகிறவரை ஒருத்தியும் பேசவில்லை. முடிந்ததும் ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினார்கள்.

எதற்காகப் போகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டுக்காக, நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகளில் பள்ளிக்குப் பத்துப் பேர் வீதம் 750 மாணவிகள் சேர்ந்து உருவாக்கிய ஆசாதிசாட் என்ற எட்டுக் கிலோ செயற்கைக்கோள் ஞாயிற்றுக்கிழமை காலை விண்ணுக்குப் போகிறது. சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு ஒருங்கிணைத்த வேலை. எங்கள் பள்ளியிலிருந்தும் பத்துப் பேர். ஏற்றிச் செல்வது இஸ்ரோவின் புது ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி., அதற்கும் இதுதான் முதல் பயணம். நான் அந்தப் பிள்ளைகளுக்கு இயற்பியல் ஆசிரியை. வேனுக்கும் சாப்பாட்டுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகம் பணம் திரட்டித் தந்தது. கூடத் துணைக்குக் கணக்கு டீச்சர்.

பெரம்பலூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் மதியச் சாப்பாடு. பத்து வீட்டுப் பொட்டலம் பிரிந்தது. புளியோதரை நான்கு வீடு, எலுமிச்சைச் சாதம் மூன்று வீடு, பொடி தடவிய இட்லி இரண்டு வீடு. ஒரு அம்மா மட்டும் ராத்திரியே எழுந்து சப்பாத்தி போட்டு, உருளைக்கிழங்கு வறுவலோடு எல்லாருக்குமாகக் கொடுத்துவிட்டிருந்தார். அவர் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு வேலைக்கும் போயிருக்கிறார். அந்தப் பிள்ளை சப்பாத்தியைத் தான் தொடாமல் மற்றவர்களுக்கே பங்கு வைத்தது. கணக்கு டீச்சர் அதட்டித்தான் இரண்டு தின்ன வைத்தார்.

விக்கிரவாண்டிக்கு அருகே ஒன்பதாம் வகுப்புக்காரிக்கு வாந்தி. எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து முன் சீட்டில் உட்கார வைத்தோம். அதிலிருந்து தாம்பரம் வரைக்கும் அவள் ஓயவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போக வேண்டிய ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்கக் கூடாதென்று சுற்றி வளைத்துப் போகிறது, அதில் எரிபொருள் வீணாகிறது, அதனால்தான் நம் குலசேகரன்பட்டினத்தில் இன்னொரு ஏவுதளத்துக்கு நிலம் எடுக்கிறார்கள் என்று டிரைவர் அண்ணனுக்குப் பாடமே நடத்தினாள். "தசராவுக்கு வேசம் கட்டிப் போவாகளே, அந்தக் குலசையா?" என்று அவர் கேட்டார். அதே குலசைதான்.

ராத்திரி தாம்பரத்தில் என் அக்கா வீட்டு ஹாலில் பாய் விரித்துப் பன்னிரண்டு பேர். அக்கா பெரிய சட்டியில் ரவை உப்புமா கிண்டி, கூடவே கத்தரிக்காய் கொத்சு வைத்திருந்தாள். ஆவின் பால் பாக்கெட்டில், மாமல்லபுரத்தில் நடந்துகொண்டிருக்கிற செஸ் ஒலிம்பியாட் படம் போட்டிருப்பதைப் பார்த்து, கழுவிக் காயவைத்து நோட்டுக்குள் பத்திரப்படுத்தினாள் எங்கள் பிளஸ் ஒன் பிள்ளை ஒருத்தி. ஒலிம்பியாடை ஒட்டி அரசுப் பள்ளிகளுக்கு நடந்த சதுரங்கப் போட்டியில் வட்டார அளவு வரை போனவள்.

6 ஆகஸ்ட், சனி. சூலூர்பேட்டை

காலையில் பைபாஸ் பிடித்துச் செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, தடா வழியாகச் சூலூர்பேட்டை. ஆரம்பாக்கம் தாண்டியதும் பெயர்ப் பலகைகள் தெலுங்குக்கு மாறின. கடைக்காரர்கள் மட்டும் தமிழிலேயே பதில் சொன்னார்கள். வெயில் கொளுத்தியது. தண்ணீர் பாட்டில் இருபது ரூபாய், எண்ணெய் மிதக்கிற மிளகாய் பஜ்ஜி தட்டு முப்பது.

மதியம் முழுச் சாப்பாடு ஆளுக்கு 120 ரூபாய். இலை போட்டதும் பருப்புப்பொடியும் நெய்யும், பிறகு பப்பு, கோங்குரா பச்சடி, சாம்பார், ரசம், கெட்டித் தயிர். காரம் எங்கள் ஊர்க் காரம்தான் என்று வீறாப்பாக உட்கார்ந்தவர்கள் பாதியிலேயே தயிருக்குக் கையை நீட்டினார்கள். பரிமாறிய தாத்தா ஒவ்வொரு பிள்ளையிடமும் நின்று, சாதம் போதுமா என்று சைகையில் கேட்டு, போதும் என்று சொன்ன பிறகும் ஒரு கரண்டி வைத்துவிட்டே நகர்ந்தார்.

சாயங்காலம் பழவேற்காடு ஏரியின் குறுக்கே போகிற சாலையில் கொஞ்ச தூரம் போய் வந்தோம். ஊருக்கும் தீவுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் ஏரி. ஆகஸ்டில் தண்ணீர் குறைவு, பல இடங்களில் வெறும் சேறும் உப்புப் பூத்த தரையும். அந்தச் சாலைக்கு அப்பால்தான் வங்காள விரிகுடாவை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டா. 1971இல் ஒரு சிறிய ரோகிணி ராக்கெட்டோடு தொடங்கிய இடம். திரும்பும் வழியில் செங்காளம்மா கோயில். இஸ்ரோ தலைவர்கள் ஒவ்வொரு ஏவுதலுக்கு முன்பும் வந்து கும்பிட்டுப் போகிற கோயில் இது. பிள்ளைகள் வேண்டுதலை வெளியே சொல்லவில்லை. ஆனால் பிரகாரம் சுற்றும்போது பேச்சு முழுக்க அவர்களுடைய பலகையைப் பற்றியே இருந்தது.

அந்தப் பலகையை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். வெளியே பேசுகிறவர்கள், "ஏதோ கிட் வந்தது, பிள்ளைகள் சேர்த்துக் கொடுத்தார்கள்" என்று நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஏறக்குறைய ஐம்பது கிராம் எடையில் ஒரு சின்ன மின்னணுப் பலகை. சென்னையிலிருந்து ஆன்லைனில் சொல்லிக் கொடுக்கக் கொடுக்க, இவர்கள் அதில் நிரல் ஏற்றிச் சோதிக்க வேண்டும். வந்த பலகையைத் தொடவே பயந்தார்கள். அதனால் மதுரையில் கொஞ்சம் சாமான் வாங்கி, லேபில் தனியாக ஒரு பயிற்சிப் பலகை செய்துகொண்டோம். அதில் மூன்று கால் வைத்த ஒரு சின்னக் கறுப்பு சென்சார், வெப்பநிலை காட்டுவதற்கு. முதல் வாரம் முழுக்க அது 31, 32 என்று நன்றாகக் காட்டும். திடீரென்று மைனஸ் 127 டிகிரி என்று காட்டும். பூமியில் எங்கேயும் இல்லாத குளிர் எங்கள் லேபில். ஒயர் கொஞ்சம் தளர்ந்தாலும் அந்த சென்சார்க்கான நிரல் தருகிற எண் அது என்று கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு இரண்டு மாலை ஆனது. நான் சொல்லித்தரவில்லை, எனக்கும் அதற்குமுன் தெரியாது. ஒயரை ஆட்டி ஆட்டிப் பார்த்து அவர்களே பிடித்தார்கள். பிறகு ஒரு வரி எழுதினார்கள்: மைனஸ் 127 வந்தால் அந்த அளவைக் கணக்கில் எடுக்காதே.

எழுதியவள் பதினோராம் வகுப்பு. எங்கள் பள்ளிக் காலை வழிபாட்டில் செய்தி வாசிக்கிற பிள்ளையும் அவளே. ஊரடங்கில் பள்ளி மூடியிருந்தபோது கல்வித் தொலைக்காட்சி பார்த்துப் படித்தவள். வீட்டில் போன் ஒன்றுதான், அதுவும் அப்பா லோடு ஏற்றப் போகும்போது கூடவே போய்விடும். அந்தப் பிள்ளை ஒரு நிரல் வரியை ஏன் எழுதினோம் என்று நிறுத்தி நிதானமாக விளக்குவதைக் கேட்கும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை எந்த மார்க் பட்டியலும் தந்ததில்லை.

சரி, விடுதிக் கதைக்கு வருகிறேன். முன்பே போனில் பேசி மூன்று அறை சொல்லி வைத்திருந்தோம், ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று. ஏழு மணிக்குப் போய் நின்றால், ராக்கெட் கூட்டம், அறை 2,400, இஷ்டம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பேச்சுக்கே இடமில்லை. பக்கத்து விடுதிகளும் நிறைந்துவிட்டன. பத்துப் பெண் பிள்ளைகளை வேனில் வைத்துக்கொண்டு இருட்டில் நிற்கிற பதற்றம், கூட்டிப் போகிறவர்களுக்குத்தான் தெரியும்.

காப்பாற்றியது தெருமுனை டிபன் கடை அம்மா. பெசரட்டு ஊற்றிக்கொண்டே நாங்கள் பேசியது அத்தனையையும் கேட்டிருக்கிறார். "ஏமா, பிள்ளைங்களா? எங்க வந்தீங்க?" என்றார். தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சு. ராக்கெட் பார்க்க வந்திருக்கிறோம், அதில் இவர்கள் செய்த சாமானும் போகிறது என்றேன். தோசைக் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தார். "எந்தப் பாப்பா செஞ்சது?" பத்துப் பேரும் கையைத் தூக்கினார்கள். அவருடைய தம்பிக்குச் சொந்தமாக மாடியில் ஒரு சின்ன விசேஷ மண்டபம், அன்று ராத்திரி காலியாக இருந்தது. சாவியை வாங்கிக் கொடுத்து, இரண்டு ஃபேனைப் போட்டுவிட்டு, கீழே தாழ்ப்பாள் போடச் சொல்லி, தானே வாசலில் பேரனைப் படுக்க வைத்தார். பணம் நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். "டிபனுக்குக் காசு குடு, போதும்." பெசரட்டும் இஞ்சிச் சட்னியும் தட்டு நாற்பது ரூபாய். அதையும் எண்ணும்போது இரண்டு தட்டைக் குறைத்தே எண்ணினார்.

படுக்கப்போகும் நேரத்தில் செஸ் பிள்ளை கணக்கு டீச்சர் போனைப் பார்த்துக் கத்தினாள். மாமல்லபுரம் ஒலிம்பியாடில் நம் சென்னைப் பையன் குகேஷ் அமெரிக்காவின் கருவானாவைத் தோற்கடித்துவிட்டான், ஆடிய எட்டு ஆட்டத்திலும் ஜெயம். "பதினாறு வயசு டீச்சர், என் வயசு!" மண்டபத்தில் அரை மணி நேரம் யாரும் தூங்கவில்லை. நானும் தூங்கச் சொல்லவில்லை.

7 ஆகஸ்ட், ஞாயிறு. ஸ்ரீஹரிகோட்டா, பிறகு மெரினா

நான்கு மணிக்கு எழுந்து, பள்ளிச் சீருடை போட்டு, இரட்டைச் சடை மடித்துக் கட்டி ரிப்பன் வைத்துத் தயாராகிவிட்டார்கள். சுடிதார் போடலாம் என்று சொல்லியிருந்தேன். சீருடைதான் என்று அவர்களே முடிவு செய்திருக்கிறார்கள்.

சோதனை முடிந்து பார்வையாளர் மாடத்துக்குள் போகும்போது வெயில் ஏறிவிட்டது. திறந்தவெளிப் படிக்கட்டு, எதிரே பெரிய திரை, அதற்கு அப்பால் மரங்களுக்கு மேலே வானம். நாடெங்கிலுமிருந்து வந்த பிள்ளைகள். வடக்கே எங்கிருந்தோ வந்த ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் எங்களுக்கு முன் வரிசையில். இவர்களுக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பக்கத்து ஆங்கிலமும் ஐந்தாறு சொல்லோடு நின்றுவிட்டது. அப்புறம் ஒருத்தி போனில் தங்கள் பலகையின் படத்தைக் காட்டினாள். எங்கள் பிள்ளை தன் படத்தைக் காட்டினாள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டு, எங்கே பற்றவைத்தோம், எங்கே கை நடுங்கி ஈயம் வழிந்தது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் முறுக்கு அந்தப் பக்கம் போனது, அவர்களுடைய கொண்டைக்கடலை இந்தப் பக்கம் வந்தது.

9.18. திரையில் எண் குறைந்து வரும்போது எல்லாரும் எழுந்துவிட்டார்கள். முதலில் ஒளிதான். மரங்களுக்கு மேலே ஒரு மஞ்சள் வெளிச்சம், அதன் கீழே கெட்டியான வெள்ளைப் புகை. சத்தமே இல்லை. அந்த மௌனத்தில் ஒன்பதாம் வகுப்புக்காரி, "ஒலி மெதுவா வரும், இருங்க, இருங்க" என்று தன்னைத்தானே அடக்கிக்கொண்டு நின்றாள். பிறகு வந்தது. காதில் கேட்டதைவிட நெஞ்சுக்கூட்டில் கேட்டதே அதிகம். படிக்கட்டின் சிமெண்ட் வழியாகக் காலுக்கும் ஏறியது. மூன்று திட எரிபொருள் நிலைகள், 34 மீட்டர் உயரம், 120 டன் எடை என்று வகுப்பில் எழுதிப் போட்டவள் நான். அந்த எண்களை இப்படி உடம்பால் உணர்ந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் மேகத்துக்குள் போய்விட்டது. புகைத் தடம் மட்டும் காற்றில் கோணலாகிக்கொண்டே நின்றது.

ஒவ்வொரு நிலையாகச் சரியாக எரிந்து முடிந்தது என்று அறிவிக்க அறிவிக்கக் கைதட்டல். ஏறக்குறைய பதின்மூன்று நிமிஷத்தில், கூடப் போன இஸ்ரோவின் செயற்கைக்கோளை அடுத்து எங்கள் செயற்கைக்கோளும் பிரிந்தது என்றார்கள். கட்டிப்பிடித்து அழுகை, சிரிப்பு, போட்டோ. பிறகு திரையில் பேச்சு குறைந்தது. இஸ்ரோ தலைவர் சோமநாத் வந்து, எல்லா நிலைகளும் எதிர்பார்த்தபடி இயங்கின, கடைசிக் கட்டத்தில் தகவல் வருவதில் சிறிது இழப்பு, ஆராய்ந்து சொல்கிறோம் என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. எங்கள் செய்திக்காரி கவனித்தாள். "டேட்டா வரலேன்னா, ஒயர் தளர்ந்த மாதிரியா டீச்சர்?"

மதியம் டிபன் கடை அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினோம். பிள்ளைகள் ஒவ்வொருத்தி கன்னத்தையும் தொட்டு நெட்டி முறித்தார். கும்மிடிப்பூண்டிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தியபோதுதான் கணக்கு டீச்சர் போனில் இஸ்ரோவின் செய்தி வந்தது. 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் பதிலாக 356க்கு 76 கிலோமீட்டர் நீள்வட்டப் பாதையில் செயற்கைக்கோள்கள் விடப்பட்டுவிட்டன. இனி அவை பயன்படா. ஒரு சென்சார் பழுதை அடையாளம் கண்டு மாற்று நடவடிக்கைக்குப் போகவேண்டிய தர்க்கத்தில் பிழை.

டீ ஆறியது. இரண்டு பேர் அழுதார்கள். வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள் சப்பாத்தி கொண்டுவந்த பிள்ளை. 1979இல் இதே ஆகஸ்டு மாதம், இதே ஸ்ரீஹரிகோட்டாவில் கலாம் தலைமையில் போன முதல் எஸ்.எல்.வி. கடலில் விழுந்ததையும், அடுத்த ஆண்டு ஜெயித்ததையும் சொல்லலாமா என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பிள்ளைகள் ஆறுதலைத் தேடவில்லை, காரணத்தைத் தேடினார்கள். 76 கிலோமீட்டரில் என்ன ஆகும் என்று ஒருத்தி கேட்டாள். அங்கே இன்னும் காற்று இருக்கிறது, அந்தக் காற்றில் உரசி வேகம் குறைந்து விழுந்துவிடும் என்றேன். டீக்கடைக் கல்லாவில் இருந்த பில் தாளின் பின்பக்கத்தில் நீள்வட்டம் போட்டுக் காட்டினேன். கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

செய்திக்காரி ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்: "நாங்க மைனஸ் 127க்கு எழுதினோமே டீச்சர், அந்த மாதிரி ஒரு வரி அங்கேயும் இருந்திருக்கும். அது எங்கேயோ தப்பாப் போயிருக்கு." பிறகு, "எங்க பலகையில தப்பு இல்லைல்ல?" என்று கேட்டாள். இல்லை, அனுப்பும்வரை செய்த ஒவ்வொரு சோதனையிலும் அது சரியாக வேலை செய்தது என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் கேட்டாள். இல்லை என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

சென்னைக்குள் நுழைந்தபோது சாயங்காலம். நேப்பியர் பாலம் பார்க்காமல் வரமாட்டோம் என்று செஸ் பிள்ளை தலைமையில் போராட்டம். பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம், நடைபாதையில் நடக்க இடமில்லாத கூட்டம். ஒலிம்பியாடின் சின்னமான, வேட்டி கட்டிய குதிரைத் தம்பி பொம்மையோடு படம் எடுக்க வரிசை. மெரினாவில் சுண்டல் இருபது ரூபாய், மாங்காய் பத்தை பத்து ரூபாய். காசை வாங்கிக்கொண்டு சுண்டல் விற்ற பையன் சீருடையைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டான். சொன்னதும், "டிவில காட்டுன ராக்கெட்டா? நல்லாத்தானே மேல போச்சு?" என்றான். "மேல போறது மட்டும் போதாது, சுத்தணும்" என்று ஒன்பதாம் வகுப்புக்காரி அங்கேயும் பாடம் எடுத்தாள். எட்டு மணிக்கு வேன் தெற்கே திரும்பியது.

8 ஆகஸ்ட், திங்கள். பள்ளி

திண்டிவனம் அருகே பெல்ட் அறுந்து ஒன்றரை மணி நேரம் போனது. விடியற்காலை ஆறரைக்கு ஊர் வந்து, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் பத்துப் பேரும் காலை வழிபாட்டுக்கு வந்து நின்றார்கள். ஒருத்திகூட லீவு போடவில்லை. எனக்குக் கால் நிற்கவில்லை.

தலைமையாசிரியை அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். பத்திரிகையில் எல்லாம் தோல்வி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே, பிள்ளைகள் மனசு கஷ்டப்படும், செய்தியில் அதை விட்டுவிடலாமா என்று கேட்டார். அவருடைய அக்கறை புரிந்தது. செய்தியை வாசிக்கப் போகிறவளிடமே கேட்போம் என்றேன். அவள் நோட்டைத் திறந்து காட்டினாள், ராத்திரி வேனிலேயே எழுதிவிட்டிருக்கிறாள். அம்மா படித்துவிட்டு, "இப்படியே வாசி" என்றார். அவள் வாசித்தது இது:

"நேற்று காலை 9.18 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் முதல் முறையாக ஏவப்பட்டது. மூன்று நிலைகளும் சரியாக இயங்கின. ஆனால் வட்டப் பாதைக்குப் பதிலாக நீள்வட்டப் பாதையில் விடப்பட்டதால் இரண்டு செயற்கைக்கோள்களும் பயன்படாது என்று இஸ்ரோ தெரிவித்துள்ளது. அவற்றில் ஒன்றில் நம் பள்ளி மாணவிகள் பத்துப் பேர் நிரல் ஏற்றிய பலகை இருந்தது. அந்தப் பலகை கடைசிச் சோதனை வரை சரியாக வேலை செய்தது. பிழைக்கான காரணத்தை ஆராய்ந்து வருகிறார்கள். தெரிந்ததும் வாசிக்கிறேன்."

கூட்டத்தில் கைதட்டல் எழ ஒரு நொடி ஆனது. பிறகு நிற்கவே இல்லை.

எங்கள் பள்ளி வராந்தாவில் எனாமல் பெயிண்டில் ஒரு பலகை உண்டு. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் முதல் மதிப்பெண் எடுத்தவர் பெயர், ஆண்டு, மார்க். பத்தாம் வகுப்புக் கட்டத்தில் 2020க்கும் 2021க்கும் நேரே வெறும் கோடு. கொரோனாவில் பொதுத்தேர்வே நடக்கவில்லை. இந்த ஜூன் 20ஆம் தேதி முடிவு வந்த பிறகுதான் மறுபடி பெயர் ஏறியது. மார்க் எடுத்த பிள்ளைகளின் உழைப்பை நான் ஒரு நாளும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பள்ளியின் சாதனை என்றால் அந்த ஒரு கட்டம் மட்டும்தான் என்று ஆகிவிட்டதில் எனக்கு நெடுநாள் வருத்தம். இரண்டு மாலை ஒயரை ஆட்டிப் பார்த்து ஒரு பிழையைப் பிடித்ததற்கு மார்க் கிடையாது. பெயிண்டரைக் கூப்பிட்டு, பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, பத்துப் பேர் பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்டேன். அம்மா உடனே சரி என்றார். 600 ரூபாய் கேட்டார் பெயிண்டர். அவர் மகளும் எங்கள் பள்ளி என்பதால் 400க்கு எழுதித் தந்தார்.

10 பிப்ரவரி 2023, வெள்ளி. ஹைடெக் லேப்

இந்தப் பதிவோடு சேரவேண்டியது என்பதால் இதையும் எழுதுகிறேன். இன்று காலை அதே 9.18க்கு எஸ்.எஸ்.எல்.வி. இரண்டாம் முறையாகப் போனது. 8.7 கிலோ எடையில் ஆசாதிசாட் 2, மீண்டும் அந்த 750 மாணவிகளின் வேலை. இந்த முறை நாங்கள் போகவில்லை. மார்ச்சில் பொதுத்தேர்வு. லேபில் புரொஜெக்டரில் போட்டுப் பார்த்தோம். பதினைந்து நிமிஷத்தில் 450 கிலோமீட்டர் வட்டப் பாதையில் மூன்று செயற்கைக்கோள்களும் சேர்ந்தன. பெஞ்சு மேல் ஏறிக் குதித்ததில் ஒரு பெஞ்சுக்குக் கால் போனது. தச்சருக்குச் சொல்லியாயிற்று.

ஆகஸ்டுப் பிழைக்கான காரணத்தை இஸ்ரோ இப்போது விரிவாக வெளியிட்டிருக்கிறது. இரண்டாம் நிலை பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வு, மிகக் கொஞ்ச நேரத்துக்கு, முடுக்கத்தை அளக்கும் சென்சார்களின் எல்லையைத் தாண்டிவிட்டது. உள்ளே இருந்த நிரல் எல்லா சென்சாரும் பழுது என்று முடிவு கட்டி, அவற்றை ஒதுக்கிவிட்டு ராக்கெட்டைக் கண்ணைக் கட்டி ஓட்டியிருக்கிறது. உண்மையில் சென்சார்கள் கெடவில்லை. இந்த முறை பிரியும் அமைப்பையே மாற்றி, பழுது என்று தீர்மானிக்கும் முன் நிரல் கூடுதல் நேரம் கவனிக்கும்படியும் செய்திருக்கிறார்கள்.

செய்திக்காரி இதை இரண்டு தடவை படித்தாள். "அப்போ ஒயர் தளர்ந்ததுன்னு நான் நினைச்சது தப்பு டீச்சர். சென்சார் நல்லாத்தான் இருந்திருக்கு. அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுட்டாங்க." வாக்குக் கொடுத்தபடி திங்கட்கிழமை வழிபாட்டில் வாசிக்க எழுதி வைத்துவிட்டாள். பிறகு அலமாரியிலிருந்து பழைய பயிற்சிப் பலகையை எடுத்து, ஒரே ஒரு தடவை மைனஸ் 127 வந்தாலே ஒதுக்கிவிடச் சொன்ன தன் வரியை, தொடர்ந்து ஐந்து தடவை வந்தால் மட்டும் பழுது என்று சொல் என மாற்றிக்கொண்டிருக்கிறாள். சோதித்துப் பார்க்கையில் கறுப்பு சென்சார் ஒன்றின் கால் ஒடிந்துவிட்டது. சனிக்கிழமை மதுரைக்குப் போகும்போது இரண்டு வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள். ஒன்று 80 ரூபாய் சொல்கிறார்கள்.